கட்டணம் கேட்காத பேராசிரியர்கள்



திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமம் பகுதியை அறிந்திருப்பீர்கள். பல நாட்டவரும் வந்து தங்கும் இடம் அது. அச்சாலையில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் சகோதரர் ஒருவர், மஃரிப் தொழுகை முடிந்த ஒரு மாலையில் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், பையன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. டியூஷனுக்குப் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள். பெண் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். இரண்டு பேருக்கும் செலவு செய்ய என்னால் முடியாது. பெண்ணை நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நம் மஹல்லாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! வீட்டில் பணமுடை வந்தால் முதலில் நிற்பது பெண்ணின் படிப்புதான். அவருக்கு அன்று நான் சொன்ன பதிலையே சற்று விரித்து உங்கள் முன் வைக்கிறேன்.

தூரதர்ஷனில் தொடங்கியது

வீடியோ வழிக் கல்வி நமக்குப் புதிதன்று. 1984 ஆகஸ்ட் 15 அன்றே பல்கலைக்கழக மானியக் குழு தூரதர்ஷனில் நாடு தழுவிய வகுப்பறை என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பள்ளிப் பருவத்தில் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் அதை நான் பார்த்ததுண்டு. ஆங்கிலம் புரியாது. புரியாத இடத்தில் நிறுத்தி, மீண்டும் கேட்கவும் வழியில்லை. இன்றைய வீடியோ பாடத்தின் பெரும் பேறு அதுதான். பத்து முறை திருப்பிக் கேட்டாலும் ஆசிரியர் முகம் சுளிக்கமாட்டார்.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. 2003இல் நம் நாட்டின் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, மத்திய அரசின் நிதியுதவியுடன் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. கட்டுமானவியல், எந்திரவியல், மின்னியல், கணினியியல், கணிதம் என ஏராளமான பாடங்கள் இதில் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. வகுப்பில் அமர வேண்டுமானால் கடுமையான நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். அங்குள்ள பேராசிரியர் நடத்தும் பாடத்தை இங்கிருந்தபடி கேட்க ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை.

வரலாற்று மாணவிக்கு என்ன இருக்கிறது?

இலவசப் பாடமெல்லாம் பொறியியலுக்குத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 2017 ஜூலை 9 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதில் வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளாதாரம் ஆகிய பாடங்களும் நடத்தப்படுகின்றன. அதே நாளில் 32 கல்விச் சேனல்களுடன் 'ஸ்வயம் பிரபா'வும் தொடங்கியது. அவை செயற்கைக்கோள் வழியே வருவதால் இணைய வசதி இல்லாத வீட்டுக்கும் பயன்படும். முதுகலை மாணவர்களுக்கு மானியக் குழுவின் 'இ-பி.ஜி. பாடசாலை' இருக்கிறது. இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்களை 'இ-ஞானகோஷ்' தளத்தில் இலவசமாகப் பெறலாம்.

தேர்வும் மதிப்பெண்ணும்

ஸ்வயம் வகுப்புகள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். என்.பி.டி.இ.எல். நடத்தும் வகுப்புகள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நீடிக்கும். வாரந்தோறும் வீட்டுப் பயிற்சி உண்டு. பயிற்சிக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிக்கப்பட்டுள்ளது. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். படிப்பதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

இந்த மதிப்பெண் கல்லூரிப் படிப்பிலும் சேரக்கூடும். ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வாறு படிக்கலாம் என மானியக் குழு 2016இல் விதி வகுத்தது. 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைக் கல்வி நிறுவனமே முடிவு செய்யும். ஆகவே பதிவு செய்வதற்கு முன் துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். முடித்த பின் கேட்டு ஏமாறாதீர்கள்.

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. தமிழ் வழியில் வரலாறு படிப்போர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். பதிவுக்குக் கட்டணமே இல்லை.

இன்னொரு குறை நம்மிடமே இருக்கிறது. நானும் ஒரு வரலாற்றுப் பாடத்தில் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தில் நின்றுபோனேன். வருகைப் பதிவு எடுப்பாரும் கண்டிப்பாரும் இல்லை. விரலைச் சற்று நகர்த்தினால் சினிமாவும் கிரிக்கெட்டும் வந்துவிடுகின்றன. மறு ஆண்டு நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, நோட்டில் குறிப்பெழுதிப் படித்தேன். அப்போதுதான் முடிக்க முடிந்தது. துணையும் நேர ஒழுங்கும் இல்லாவிட்டால் இலவசப் பாடம் வீணே.

நாம் செய்யக்கூடியது

அந்தச் சகோதரர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு செல்போன். காலை ஃபஜ்ருக்குப் பின் ஒன்றரை மணி நேரம் மகனுக்கு, இரவு ஒன்றரை மணி நேரம் மகளுக்கு என்று பேசி முடித்தோம். மகன் பொறியியல் கணிதம் கேட்கிறான். மகள் இந்திய வரலாறு கேட்டு, புரிந்ததைத் தன் தாயாருக்குத் தமிழில் சொல்கிறாள். மகனின் தேர்வு இன்னும் வரவில்லை. அரியர் நீங்குமா என்பதை நான் இப்போது சொல்ல இயலாது. ஆனால் மகளின் படிப்பு நிற்கவில்லை.

ஜமாஅத் பெரியவர்களே! நம் மதரஸாக்களில் சிறுவர் வகுப்பு முடிந்ததும் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் வைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கி, மேற்பார்வைக்குப் படித்த ஒருவரை அமர்த்துங்கள். ஒரு விருந்துக்கு ஆகும் செலவுகூட ஆகாது. பேராசிரியர்கள் கட்டணம் கேட்காமல் காத்திருக்கிறார்கள். மாணவர்கள் அமர ஓர் இடம்தான் இல்லை. அதை நாம் கொடுக்கலாமே!