இலையின் மறைபடை

ஓடவியலாத செடி தன் பகையை எதிர்ப்பது எவ்வாறு? தக்காளி இலையின் அடிப்புறத்தில் வாழும் சிலந்திப்பேன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. எனினும் ஊசி போன்ற வாயுறுப்பால் இலையின் உயிரணுக்களைக் குத்தி உள்ளீட்டை உறிஞ்சிவிடும். அதிலுள்ள புரதத்தைச் செரிக்கச் செய்வன பேனின் குடல் நொதிகள். செடி ஆக்கும் தடைப்புரதங்கள் அந்நொதிகளின் வாயை அடைத்துவிடுகின்றன. உண்டும் செரியாமையால் பேனின் வளர்ச்சி குன்றும், முட்டைகளும் குறையும்.

வண்டு கடித்த தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளில் கடிபடாத இலைகளிலும் இத்தகைய தடைப்பொருள் பெருகுவதை, 1972-இல் அமெரிக்காவில் கிரீன், ரயன் என்னும் அறிஞர்கள் கண்டு வெளியிட்டனர். காயம்பட்ட இலை ஏனைய இலைகளை எச்சரிக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

ஆயினும் தக்காளியைத் தாக்கும் சிவப்புச் சிலந்திப்பேன் வகையொன்று இத்தற்காப்பையே அடக்கிவிட வல்லது. படைக்கலம் ஒன்று தோன்றின், அதனை வெல்லும் வழியும் உடன் தோன்றுகிறது.