நாணை அறுக்கப் பார்த்தார், வலி போயிற்று!

ஓடுகிறவர்களுக்கு வரும் வலி ஒன்று உண்டு. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும், குதிகாலுக்கு மேலே "சுரீர்" என்று வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். ஓடினால் மறுபடியும் வரும்.

இந்த வலிக்கு ஒரு டாக்டர் வழி கண்டுபிடித்தார். அவர் அதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது!

வலி எங்கே?

குதிகாலுக்கு மேலே, காலின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கயிறு போல ஒன்று விறைப்பாக இருக்கும். அதுதான் குதிகால் நாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைப்பது அதுதான். உடம்பில் உள்ள நாண்களில் இதுவே பெரியது, பலமானது. ஆனால் இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் சீக்கிரம் ஆறாது.

டாக்டர்கள் இதை "அக்கிலஸ் நாண்" என்கிறார்கள். அக்கிலஸ், கிரேக்கக் கதையில் வரும் மாவீரன். குழந்தையாக இருந்தபோது அவனைத் தாய் குதிகாலில் பிடித்து, மந்திர ஆற்றில் முக்கி எடுத்தாள். நனைந்த உடம்பில் ஆயுதம் பாயாது. குதிகால் மட்டும் நனையவில்லை. அங்கே அம்பு பட்டு மாண்டான்.

டாக்டரின் கோபம்

சுவீடன் நாட்டின் வடக்கே ஊமியோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே எலும்பு டாக்டராக இருந்தவர் ஹோக்கன் ஆல்பிரட்சன். அவரும் ஓடுகிறவர். அவருக்கே இந்த வலி வந்தது. ஆபரேஷன் செய்யும்படி மேலதிகாரியிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். ஆபரேஷன் செய்தால் ஆல்பிரட்சன் நெடுநாள் வேலைக்கு வர முடியாதே!

நாண் அறுந்துவிட்டால் ஆபரேஷன் செய்துதானே ஆகவேண்டும்? இப்படி நினைத்தார் ஆல்பிரட்சன். வலித்த காலுக்கு வேண்டுமென்றே பளு கொடுத்தார். நாண் அறவில்லை. வலிதான் போயிற்று!

பிறகு, நெடுநாள் வலியால் தவித்த 15 பேருக்கு அதே பயிற்சியைக் கொடுத்தார். 12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடினார்கள். இதை 1998-ல் வெளியிட்டார்.

என்ன பயிற்சி?

மாடிப்படியின் ஓரத்தில் முன்பாதத்தால் நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் உயருங்கள். உடம்பின் பாரத்தை வலிக்கும் காலுக்கு மாற்றுங்கள். குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். மறுபடியும் நல்ல காலால் உயருங்கள்.

முழங்காலை நீட்டி 15 தடவை. இப்படி மூன்று முறை. முழங்காலை மடக்கியும் அதேபோல. காலையும் மாலையும் செய்தால் ஒரு நாளைக்கு 180 தடவை. வலியே இல்லை என்றால், முதுகுப் பையில் பளு வைத்துச் செய்யலாம்.

லேசாக வலித்தால் பயம் இல்லை. மறுநாள் காலை வலி கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

எச்சரிக்கை!

எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே வலித்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக்கூடாது. தரையில் நின்றே செய்ய வேண்டும்.

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்ததா? "டப்" என்று சத்தம் கேட்டதா? நுனிக்காலில் நிற்க முடியவில்லையா? நாண் அறுந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்களும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. பிறகு வேண்டியது பொறுமைதான். எல்லோருக்கும் 12 வாரத்தில் குணமாகிவிடாது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்!