குறை யாரிடம்?

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் திருமணமாகி ஓராண்டு கழியுமுன்னரே, "ஏதேனும் விசேஷம் உண்டா?" என்னும் கேள்வி மணப்பெண்ணை நோக்கி எழுகின்றது. ஈராண்டு கடந்தால் அதுவே பழிச்சொல்லாகிவிடுகின்றது. மருத்துவரிடமும் அவளையே முதலில் அழைத்துச் செல்கின்றனர். ஆனால், குழந்தைப்பேறு இல்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் கணவனின் உடல்நிலையும் ஒரு காரணமாய் அமைகின்றது என்பதே மருத்துவ உண்மை.

விந்துப் பரிசோதனை அணுக்களின் எண்ணிக்கையையும் அசைவையும் காட்டும். அவை ஏன் குறைந்தன என்று கூறாது. அக்காரணத்தைக் காட்டும் அடையாளங்களையே அறிவியலார் உடலில் தேடிவருகின்றனர். ஆண்களுக்கே உரிய 'ஒய்' குரோமோசோமில், விந்தணு உருவாவதற்கு இன்றியமையாத பகுதிகள் சில உள்ளன. அவற்றில் ஒரு துண்டு பிறவியிலேயே இல்லாதிருப்பின், அணு உற்பத்தி குன்றும் அல்லது நின்றுவிடும். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் குழுவினர், விந்தணுவே காணப்படாத 340 இந்திய ஆண்களை ஆராய்ந்து, அவர்களுள் நூற்றுக்கு 8.5 பேரிடம் இக்குறை இருப்பதாக 2003-இல் வெளியிட்டனர். ஆண் மலட்டுத்தன்மையோடு தொடர்புடைய வேறு எட்டு மரபணுக்களை 2022-இல் அறிவித்தனர்.

குரோமோசோம் சோதனைக்குச் சிறிது இரத்தமே போதும். எந்தத் துண்டு இல்லை என அறிந்தால், விந்தணுவைத் தேடி அறுவை செய்வதில் பயனுண்டா என்பதை மருத்துவர் முன்கூட்டியே உணரலாம். வீண் செலவும் வேதனையும் குறையும்.

மலட்டுத்தன்மையின் காரணங்களைக் கண்டு அதனைத் தடுக்க முயலும் ஆய்வுகளை, 1987-இல் வெளியான 'தோனும் வீத்தே' என்னும் அறிவுறுத்தலில் திருச்சபை ஊக்குவிக்கின்றது. கணவன் மனைவியரின் இணைவுக்கு மாற்றாக வரும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பையோ அது ஏற்பதில்லை. பரிசோதனை முறைகளைப் பற்றி மனச்சான்றில் ஐயம் எழுமாயின், பங்குத்தந்தையிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிதல் நலம்.

செக்கரியாவும் எலிசபெத்தும் இறைவன் முன்னிலையில் நேர்மையாளராய் வாழ்ந்தும் நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்தனர் என லூக்கா நற்செய்தி கூறுகின்றது. பிள்ளையின்மை பாவத்தின் தண்டனையன்று. ஆண்மைக்கு இழுக்கும் அன்று. பிள்ளையில்லாத இல்லறமும் முழுமையான திருமணமே. எனவே, மருமகளை நோக்கிச் சுடுசொல் வீசுவதை விடுத்து, மகனையும் அவளோடு மருத்துவரிடம் அனுப்புவோம். சுமையை இருவரும் சேர்ந்து தாங்கும்போதே திருமணம் அருட்சாதனமாய் ஒளிரும்.