நுரையீரல் தக்கையடைப்பு: சிகிச்சை முடிவுகள்

நுரையீரல் தக்கையடைப்பு என்பது, பெரும்பாலும் கால் சிரையில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் தமனியை அடைப்பதாகும். ஹெப்பாரின் கட்டி வளராமல் தடுக்கும். அல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் ஆகியவை கட்டியைக் கரைக்கும். ஆனால் மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும்.

குருதி அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழ் நீடித்தால் பொதுவாகக் கரைப்பு மருந்து தரப்படும். அழுத்தம் சீராக இருந்து, இதயத்தின் வலக்கீழறை மட்டும் தளர்ந்திருந்தால் முடிவெடுப்பது கடினம். இத்தகைய 1,005 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான பெய்த்தோ ஆய்வில், டெனெக்டிப்ளேஸால் இறப்போ குருதியோட்டச் சரிவோ 5.6 விழுக்காட்டிலிருந்து 2.6 ஆகக் குறைந்தது, பக்கவாதமோ 0.2-இலிருந்து 2.4 ஆக உயர்ந்தது. எனவே பெரும்பாலும் ஹெப்பாரின் தந்து கண்காணித்து, நிலை மோசமானால் மட்டுமே கரைப்பர்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனை ஏறத்தாழ 30 கி.மீ. திடீர் மூச்சுத்திணறலுக்கு 108-ஐ அழைக்க வேண்டும். அண்மைய அறுவை சிகிச்சை, தலைக்காயம் பற்றி உறவினர் சொல்லும் தகவலே மருத்துவர் முடிவை மாற்றக்கூடும்.