கூந்தலைக் கொடுக்கப் போறீங்களா?

'இடுப்பைத் தாண்டின முடி. அதைப் போய் வெட்டறதாவது!' காலேஜ் போகும் பேத்தி கூந்தல் தானம் என்று பேச்செடுத்தால் பாட்டி இப்படித்தான் பதறுவார். திருப்பதியில் மொட்டை என்றால் சந்தோஷம், புற்றுநோயாளிக்கு என்றால் மட்டும் சங்கடம்!

கேரளாவில் இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்த பெண் போலீஸ் அபர்ணா லவகுமார், 2019-ல் தன் நீளக் கூந்தலை மொத்தமாக மழித்துக் கொடுத்தார். கீமோதெரபியால் முடி இழந்தவர்களுக்கு 'விக்' செய்வதற்காக.

கீமோ மருந்து முடியை ஏன் கொட்ட வைக்கிறது? ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு முடியின் பிடிவாதம் தெரியும். தோல் பதனிடும்போது அதிலிருக்கும் ரோமத்தைக் கழற்ற சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்து ஊற வைக்க வேண்டியிருக்கிறது. 'கெராட்டின்' என்ற புரதம் அவ்வளவு கெட்டி! ஆனால் கீமோ மருந்து முடியைத் தொடுவதில்லை, வேரைத்தான் தாக்குகிறது. வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பது அதன் வேலை. புற்றுநோய் செல் அப்படிப் பெருகும், முடி வேரில் இருக்கும் செல்லும் அப்படித்தான். அதனால் இரண்டு, மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். எல்லா மருந்துக்கும் இப்படி ஆகாது. கொட்டினாலும் பெரும்பாலானவர்களுக்கு சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும்.

அதுவரை கண்ணாடி பார்க்கவே பயம். வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலேறி வரும் வெளிமாநிலப் பெண்களுக்கும் இந்தக் கவலைதான். விக் வேண்டாம், இந்த வெயிலுக்கு மெல்லிய காட்டன் துணியே போதும் என்பவர்களும் உண்டு. அது அவரவர் இஷ்டம்.

சரி, உங்கள் ஜடை விக் ஆகுமா? முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பல அமைப்புகள் கேட்கும் 12 அங்குலம், இரண்டரை வருஷ வளர்ச்சி! ஒரு விக்குக்குப் பல பேருடைய முடி வேண்டும். அதைத் தரம் பிரித்து, வலையில் ஒவ்வொன்றாகக் கையால் முடிய வேண்டும். முடி இலவசமாக வந்தாலும் கூலி இலவசமில்லையே!

அதனால் முடியோடு பணமும் திரட்டினால் நல்லது. சிங்கப்பூரில் குழந்தைகள் புற்றுநோய் அறக்கட்டளை 2003-லிருந்து 'ஹேர் ஃபார் ஹோப்' நடத்துகிறது. 'நான் மொட்டை போடறேன், நீங்க எவ்வளவு தர்றீங்க?' என்று தெரிந்தவர்களிடம் வசூலிப்பார்கள். அங்கே முடி ஒரு சாக்கு, பணம்தான் குறி. காலேஜ் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இங்கேயும் முடியாதா என்ன?

வெட்டும் முன் அமைப்பிடம் நீளம், டை அடித்த முடி எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்து, நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஜடையின் மேலும் கீழும் ரப்பர் பேண்ட் இறுக்கிப் போட்டு, மேல் பேண்டுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள். பார்லர் தரையில் சிதறியதைப் பெருக்கி அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும்.

'வெட்டினா அடர்த்தி குறைஞ்சிடுமே?' குறையாது. கத்தரி வேரைத் தொடுவதில்லை. பழைய நீளத்துக்குத்தான் சில வருஷம் ஆகும். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தால், அது முடியட்டும்.

பணம் வசூலித்தால் அமைப்பின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ரசீது வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.