காவலூரில் வெளிக்கோள் வளிமண்டல ஆய்வு

வெளிக்கோள் வளிமண்டல ஆய்வு என்பது வியாழன், சனி, யுரேனசு, நெப்டியூன் ஆகிய நான்கு பெருங்கோள்களைச் சூழ்ந்துள்ள வளிமங்களின் வெப்பநிலை, அழுத்தம், வேதி இயைபு ஆகியவற்றை அறியும் வானியல் பிரிவு ஆகும். விண்கலங்கள் இக்கோள்களை அடைவதற்கு முன்பு, அவற்றின் மேல் வளிமண்டலத்தை அளக்கப் பயன்பட்ட முதன்மையான வழிகளுள் ஒன்று விண்மீன் மறைப்பு முறை. தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகம் 1970களில் இம்முறையைக் கையாண்டு இரு குறிப்பிடத்தக்க அவதானிப்புகளைச் செய்தது. அவற்றுள் ஒன்று, வளிமண்டலத்தை அளக்கப் போய் யுரேனசின் வளையத்தைப் பதிவு செய்த நிகழ்வு ஆகும்.

அமைவிடம்

காவலூர், திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம், நாமக்கல் சமவெளிகளிலிருந்து பார்த்தால் வடகிழக்குத் திசையில் அமையும். சேலத்திலிருந்து தொடர்வண்டியில் வருவோர் சோலையார்பேட்டையைக் கடந்து வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக மலையேற வேண்டும்.

இவ்விடத்தைத் தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு பணி தொடங்கியது. 1972இல் செருமனியின் கார்ல் சைசு நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 12.5 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும். நெட்டாங்கைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்காவுக்கும் ஆத்திரேலியாவுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளியை இது நிரப்புகிறது. விண்மீன் மறைப்புகள் குறிப்பிட்ட நேரத்தில் புவியின் குறிப்பிட்ட பகுதியில் மட்டுமே தெரியும் என்பதால் இந்த இடைவெளி முக்கியமானது.

விண்மீன் மறைப்பு முறை

கோடைக் காலத்தில் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் நண்பகலில் செல்வோர் தொலைவில் நீர் தேங்கியிருப்பது போன்ற கானல் நீரைக் கண்டிருப்பர். தார்ச்சாலையை ஒட்டிய சூடான காற்றின் அடர்த்தி குறைவு. அதற்கு மேலுள்ள காற்றின் அடர்த்தி கூடுதல். அடர்த்தி மாறும் ஊடகத்தில் செல்லும் ஒளி வளைகிறது. வெளிக்கோள்களை ஆராயும் இம்முறையும் இதே ஒளிவிலகலை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் கோளில் கீழே செல்லச் செல்ல அடர்த்தி கூடுவதால், ஒளி கோளை நோக்கி உள்பக்கமாக வளையும்.

கோள் ஒன்று தொலைவிலுள்ள விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விண்மீன் மறைகிறது. வளிமண்டலம் அற்ற நமது நிலா மறைத்தால், விண்மீன் நொடியின் சிறு பகுதியில் அணைந்துவிடும். வளிமண்டலம் உள்ள கோள் மறைத்தால் ஒளி படிப்படியாக மங்கும். வளிமம் ஒளியை உறிஞ்சுவதே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவது சரியன்று. கோளுக்கு அருகில் செல்லும் கதிர் அதிகமாகவும், சற்று மேலே செல்லும் கதிர் குறைவாகவும் வளைவதால், இணையாக வந்த கதிர்கள் விசிறி போல் விரிகின்றன. ஒளி பரவிவிடுவதால் நம்மை அடையும் அளவு குறைகிறது.

ஒளி மங்கும் வேகத்திலிருந்து அளவுயரம் என்னும் அளவு பெறப்படுகிறது. வளிமண்டலத்தின் அடர்த்தி ஏறத்தாழ 2.7 மடங்கு குறைவதற்கு எவ்வளவு உயரம் செல்ல வேண்டுமோ அதுவே அளவுயரம். புவிக்கு இது சுமார் 8 கி.மீ. வெப்பநிலை உயர்ந்தால் அளவுயரம் கூடும். ஈர்ப்போ சராசரி மூலக்கூறு எடையோ உயர்ந்தால் குறையும். கோளின் ஈர்ப்பு முன்பே தெரியும் என்பதால், வெப்பநிலையை அறிந்தால் மூலக்கூறு எடையையும், மூலக்கூறு எடையை அறிந்தால் வெப்பநிலையையும் கணிக்கலாம். இரண்டையும் ஒரே அளவீட்டிலிருந்து பெற முடியாது என்பது இம்முறையின் பெரிய குறை. மேலும் விண்மீன் ஒளி மங்கும் பகுதி, அழுத்தம் மிகக் குறைந்த உயர் அடுக்கு மட்டுமே. நாம் படங்களில் காணும் முகில் பட்டைகள் அதற்கு வெகு கீழே உள்ளன.

1952 நவம்பரில் வியாழன் சிக்மா ஏரியேட்டிசு என்னும் விண்மீனை மறைத்தபோது பௌம், கோடு ஆகிய அமெரிக்க வானியலாளர்கள் இம்முறையில் சராசரி மூலக்கூறு எடையை ஏறத்தாழ 3.3 எனக் கணித்தனர். நிறமாலையில் எளிதில் தென்பட்ட மீத்தேன், அமோனியா ஆகியவற்றின் மூலக்கூறு எடைகள் முறையே 16, 17. எனவே வியாழனின் வளிமண்டலம் பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும் தான் என்பதற்கு இந்தச் சிறிய எண் வலுவான சான்றாக அமைந்தது.

கானிமீடு, 1972

1972 சூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு மங்கலான விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் இது பதிவு செய்யப்பட்டது. கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்றும், தரையில் அதன் அழுத்தம் ஒரு மைக்ரோபார் அளவில் இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1979இல் வாயேசர் விண்கலத்தின் புறஊதா அளவீடுகள் இதைவிடப் பன்மடங்கு குறைந்த மேல்வரம்பையே அளித்தன. பின்னர் 1990களில் அபிள் தொலைநோக்கி மிக மெல்லிய ஆக்சிசன் படலத்தைக் கண்டறிந்தது. எனவே, வளிமண்டலம் உண்டு என்ற முடிவு நிலைத்தது. 1972இல் கூறப்பட்ட அழுத்த அளவு நிலைக்கவில்லை.

யுரேனசு, 1977

கிரீனிச்சு வானாய்வகத்தின் கார்டன் டெய்லர், யுரேனசு 1977 மார்ச் 10 அன்று துலாம் விண்மீன் குழாமிலுள்ள எசுஏஓ 158687 என்ற விண்மீனை மறைக்கும் என்று 1973இலேயே முன்கணித்திருந்தார். 287 கோடி கி.மீ. தொலைவில் சூரியனைச் சுற்றும் யுரேனசு, தொலைநோக்கியில் நான்கு நொடிவில்லைக்கும் குறைந்த சிறு வட்டாகவே தெரியும். அதன் விட்டத்தையும் மேல் வளிமண்டல வெப்பநிலையையும் அளக்க இது அரிய வாய்ப்பு. அமெரிக்கக் குழுவினர் கைப்பர் வான்வழி ஆய்வகம் என்ற விமானத்தில் 91 செ.மீ. தொலைநோக்கியுடன் தென்னிந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தனர். மீத்தேன் ஒளியை உறிஞ்சும் அலைநீளங்களை அவர்கள் தேர்ந்தனர். அவ்வலைநீளங்களில் யுரேனசு இருண்டும் விண்மீன் பளிச்சென்றும் தெரியும்.

காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகியோர் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தனர். இந்திய நேரப்படி அது மார்ச் 11 பின்னிரவு. கோளின் நிழல் வெகு தெற்கே சென்றதால், எதிர்பார்த்த மறைப்பு காவலூரில் நிகழவில்லை. ஆனால் விண்மீனின் ஒளி ஏறத்தாழ 9 நொடிகள் திடீரெனக் குறைந்து மீண்டது. மங்குதல் படிப்படியாக இல்லாமல் சட்டென நிகழ்ந்ததால், இது வளிமண்டலத்தின் விளைவன்று என்பது தெளிவு. இருவரும் இதை யுரேனசின் புதிய துணைக்கோள் எனக் கருதினர்.

விமானக் குழுவினரும் முதலில் சிறு நிலாக்கள் என்றே ஐயுற்றனர். ஆனால் அவர்களின் பதிவில் கோளின் இருபுறமும் ஐந்து ஐந்து மங்கல்கள் இருந்தன. கோளிலிருந்து அவற்றின் தொலைவுகளும் பெரும்பாலும் பொருந்தின. துணைக்கோள்கள் இவ்வாறு தற்செயலாக அமைவது அரிது. எனவே அவை வளையங்கள் என்ற முடிவுக்கு ஜேம்ஸ் எலியட் குழுவினர் வந்தனர். 1977 மே மாத நேச்சர் இதழ் ஒன்றிலேயே விமானக் குழு, ஆத்திரேலியாவின் பெர்த், காவலூர் ஆகிய மூன்று இடங்களின் கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. காவலூரின் பெரிய மங்கல் இன்று எப்சிலான் என வழங்கப்படும் வளையத்தால் ஏற்பட்டது. பட்டாச்சார்யாவும் பாப்புவும் பழைய பதிவை மீண்டும் ஆராய்ந்து, சனியைப் போன்ற வளையத்தொகுதி யுரேனசுக்கு உண்டு என்று அவ்வாண்டின் இறுதியில் அதே இதழில் எழுதினர்.

யுரேனசின் வளையங்கள் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டன என்று சில தமிழ் நூல்கள் கூறுவதுண்டு. காவலூர் வளையத்தைத் தனித்துப் பதிவு செய்தது என்பதே பொருத்தமான கூற்று. வளையம் என்று முதலில் அடையாளம் கண்டது எலியட் குழு. இந்த வேறுபாடு திறமையை விட இருப்பிடத்தைச் சார்ந்தது எனலாம். கோளின் இருபுறமும் கண்டவர்களுக்கே ஒப்பிட இரண்டு பக்கங்கள் கிடைத்தன.

பிற்கால நிலை

1986 சனவரி 24 அன்று வாயேசர் 2 யுரேனசைக் கடந்தது. விண்கலம் கோளுக்குப் பின்னால் சென்றபோது அதன் வானொலி அலைகள் வளிமண்டலத்தின் ஊடாகப் புவியை அடைந்தன. விண்மீனுக்குப் பதிலாக வானொலி என்பதைத் தவிர அடிப்படை ஒன்றே. இதனால் விண்மீன் ஒளியால் எட்ட முடியாத ஆழ்ந்த அடுக்குகளும் அளக்கப்பட்டன. அதன் பின்னர் எந்த விண்கலமும் யுரேனசை அணுகவில்லை. ஆகவே இக்கோளைப் பொறுத்தவரை விண்மீன் மறைப்பு இன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2024 நவம்பரில் ஆசியாவிலிருந்து தெரிந்த ஒரு மறைப்பை சப்பான், தாய்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. 2025 ஏப்ரல் 7 அன்று வட அமெரிக்காவில் தெரிந்த மறைப்புக்கு 18 வானாய்வகங்கள் ஒருங்கிணைக்கப்பட்டன.

பாப்பு 1982இல் காலமானார். 1986இல் காவலூர் வானாய்வகத்துக்கும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2014இல் திறக்கப்பட்ட 1.3 மீட்டர் தொலைநோக்கி பட்டாச்சார்யாவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1977இல் பயன்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியின் ஐம்பதாண்டு நிறைவு 2022 திசம்பரில் கொண்டாடப்பட்டது.