கம்பம் பள்ளத்தாக்கில் நிலத்தோடு இசையும் பண்ணை வீடு

கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீர் பாயும் இருபோக நஞ்சை, தேனி ஜில்லாவின் பெருஞ்செல்வமாகும். இந்நஞ்சையின் சாலையோரப் பகுதிகளை மண்ணடித்து மேடாக்கி, கான்கிரீட்டுப் பெட்டி போன்ற வீடுகளை எழுப்பும் வழக்கம் நில உடைமையாளரிடையே பரவி வருகிறது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம், இரவு நெடுநேரம் வரை உஷ்ணத்தை உள்ளே இறக்குகிறது. விளைநிலத்தையும் இழந்து, உறக்கத்தையும் இழப்பதற்குப் பெரும் பொருள் செலவிடுவது எவ்வகைச் சிக்கனம் என்பது ஆலோசிக்கத்தக்கது.

மேற்கு மலைக்கு அப்பால் ஒருவர் செய்துகாட்டிய முறை இப்பகுதியாருக்கு மிகவும் பொருந்தும். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், இமயமலைச் சாரலிலுள்ள பித்தோராகடில் பல்லாண்டு வாழ்ந்தார். அவ்விடத்துக் குடியானவர் கையருகிலுள்ள கல்லையும் மண்ணையும் கொண்டு கட்டிய வீடுகளே அவருக்குப் பாடமாயின. பிறகு இடுக்கி மலைகளிலுள்ள வாகமண்ணிலும், அப்பால் திருவனந்தபுரத்திலும் குடியேறினார். அந்நகரின் நாலாஞ்சிறையில், பாறை மிகுந்த சரிவொன்றில் தம் இல்லத்தை அமைத்தார். சரிவை வெட்டிச் சமன்செய்யாமல், அதன் போக்கிலேயே அறைகளைப் படிப்படியாக ஏற்றினார். உள்ளூரில் 10 ஏக்கரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையமும் மரங்களுக்கு இடையே, மரங்களுக்கு இடங்கொடுத்து நிற்பது. 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2007-இல் காலமானார்.

எனவே வீடு கட்ட எண்ணுவோர் முதலில் செய்யவேண்டியது, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தைக் கையில் கொண்டு நிலத்தை ஒருமுறை சுற்றி நடப்பதே. ஓடையும் வாய்க்காலும் செல்லும் வழியை அடைக்கலாகாது. மலையடிவாரப் புஞ்சைகளில், ஏர் ஏறாத கல்லாங்குத்து மேடு எங்கேனும் இருக்கும். பயிருக்கு உதவாத அவ்விடமே வீட்டுக்கு உத்தமமானது. அங்குக் கடைக்காலுக்கு உறுதியான தரையும், அடித்தளத்துக்குக் கல்லும் எளிதில் கிட்டும். கரிசல் தரை ஈரத்தில் பொங்கிக் கோடையில் வெடிப்பதால் சுவர் விரிசல் காணும்.

இரண்டாவது, காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கின் வழியே பலமாக வீசுவது யாவரும் அறிந்ததே. அத்திசையில் சிறு ஜன்னல்களும், எதிர்ப்புறத்தில் பெரிய ஜன்னல்களும் வைத்தால் புழுதி குறையும். காற்றும் உள்ளே விரைந்து ஓடும். மாட்டுத்தொழுவும் எருக்குழியும் வீட்டுக்கு வடகிழக்கே, சற்றுத் தள்ளி இருக்கட்டும். மனையடி சாஸ்திரம் பார்ப்போர் தாராளமாகப் பார்க்கலாம். காற்றின் திசையையும் உடன் பார்த்தல் நலம். வீட்டின் நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் நோக்கினால், காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டுமே படும்.

சுவர் விஷயத்தில் பேக்கர் பெரிதும் கையாண்டது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே இடைவெளி விட்டுக் கட்டுவது இதன் முறை. சுமார் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாவதுடன், அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. நல்ல செங்கல்லாயின் வெளிப்பூச்சும் தேவையில்லை. அதன் நிறம் செம்மண்ணோடு தானே இசைந்துவிடும். பழகாத கொத்தனார் முதலில் முணுமுணுப்பார். ஒரு சிறு சுவரைக் கட்டச் செய்து பார்த்தபின் வேலையை ஒப்படைப்பது புத்திசாலித்தனம். சுண்ணாம்புக் காரையை இளக்காரமாக எண்ணுவோர், 1895-இல் முடிந்த பெரியாற்று அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டப்பட்டதென்பதை நினைவில் கொள்ளலாம்.

வீட்டில் மிகுந்த வெயிலை ஏற்பது கூரையே. ஓட்டுக்கூரையாயின் இறவாணத்தை இரண்டரை முதல் மூன்றடி வரை வெளியே நீட்டினால் சுவரும் நனையாது, தாழ்வாரத்தில் விளைபொருளும் உலரும். தளமே வேண்டுமென்பார், அதன் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளை இணைசேர்த்துப் பதிக்கலாம். அப்பகுதிக் கான்கிரீட்டு பாரந்தாங்குவதில் சிறிதும் உதவுவதில்லை. ஓடு அதன் இடத்தை நிரப்பிச் செலவையும் சூட்டையும் குறைக்கிறது. ஆயினும் பொறியாளரின் கணக்கின்றி இதில் இறங்கலாகாது.

தை மாதம் கடைக்கால் தோண்டினால் ஆனிச் சாரலுக்குள் கூரை ஏற்றிவிடலாம். மேற்கெல்லையில் நிழலுக்குரிய வேம்பு, புங்கன் கன்றுகளை மட்டும் அதற்கு முந்திய ஐப்பசி மழையிலேயே, சுவர் வரும் இடத்துக்கு இருபதடி தள்ளி நட்டுவிட வேண்டும்.